நாற்பத்தொன்றாம் இலக்கம்

கச்சான் காற்று பிடித்த ஆடி.
டைக் வீதியில் பத்து மணிக்கே
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
நீர்மானி வாசிப்பது என் வேலை.
ஒரு மூடி, ஒரு கரப்பான், ஐந்து எண்கள்,
குந்தி எழும்புகையில் முழங்கால் போடும் சத்தம்.
அவ்வளவுதான் வாசிப்பு.

நாற்பத்தொன்றாம் இலக்கத்தில் ஆளில்லை.
படலைப் பூட்டில் துரு.
ஆனாலும் மானிக்குள்
அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம்
சுற்றிக்கொண்டே இருந்தது,
பூட்டிய வீட்டுக்குள் யாரோ
மெதுவாகக் குடிப்பதுபோல்.

பொருத்தில் ஒழுக்கு.
மூச்சுக்கு மூன்று துளி.
கந்தளாய்க் குளத்தில் வெயில் காய்ந்த தண்ணி
காடும் வயலும் தாண்டி
இருட்டுக் குழாய்க்குள் வந்த தண்ணி
இந்த இடத்தில்தான் மறுபடி வெளிச்சம் பார்க்கிறது.

கீழே ஒரு சுளகு அளவு பச்சை.
யாரும் நடாத வல்லாரை.
குளவி ஒன்று சேற்றை உருட்டி எடுத்து
மானிப்பெட்டி மூடியில் அறை கட்டுகிறது.
காகம் விடிய வந்து போய்விடுமாம்,
அணிலுக்கு நேரகாலம் இல்லை.
கோட்டைப் பக்கமிருந்து வரும் பெட்டை மான் மட்டும்
எனக்கு முன்னால் வந்து நிற்கும்,
வாயில் யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றோடு.
அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் தலையைத் தாழ்த்தும்.
குடிப்பதென்று சொல்ல ஏலாது.
ஒரு துளி. நாக்கு.
ஒரு துளி. நாக்கு.
நான் குடையோடு காத்திருப்பேன்.

கைக்கருவி கேட்கிறது:
ஒழுக்கு உண்டா? ஆம். இல்லை.
மூன்றாவதாக ஒன்றும் அதில் எழுதியில்லை.

உவர்மலையில் தவமலர் அக்கா
இரவு இரண்டு மணிக்குக் குழாய் திறப்பாள்.
முதலில் காற்று இருமும்.
பிறகு தையல் நூல் மொத்தத்தில் வரும்.
கிணறு, மலையின் பேருக்கு ஏற்ற உவர்.
மகளுக்குப் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்;
அவள் குடித்தால்தான் அங்கே ஊறும்,
ஊறினால்தான் அந்தச் சின்னத் தொண்டை
அழுவதை நிறுத்தும்.

'ஆம்' என்பதை அழுத்தினேன்.
மான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினொரு நாள் கழித்து
நஜிமுதீன் நானா ஸ்பானரோடு வந்தாராம்.
ஒரு வொஷர், நாலு சுற்று ரேப், மூன்று நிமிஷம்.
குளவி காதைச் சுற்றிச் சுற்றி வந்ததாம்.
"கூட்டைத் தட்டல்ல பிள்ள," என்றார் பிறகு,
"சேறில்லாட்டி அது தானாப் போகும்."

ஆவணி.
சக்கரம் நிற்கிறது.
வல்லாரை இருந்த இடம் காலடியில் நொறுங்குகிறது.
குளவிக் கூட்டில் பாதிச் சுவர்.
பித்தளைப் பொருத்து மட்டும் பளபளவென்று இருக்கிறது.
யாரும் துலக்கவில்லை,
நக்கி நக்கி வந்த பளபளப்பு.

தவமலர் அக்காவைக் கேட்டேன், இப்ப எப்படி?
"அதே காத்துத்தான்."
கொஞ்சம் யோசித்தாள்.
"ரெண்டு விரல் கூடியிருக்குப் போல. வாளியில."
ரெண்டு விரல்.
எந்த மானியிலும் அந்த அலகு இல்லை.

இன்றைக்கும் குந்தியிருக்கிறேன்.
புறங்கழுத்திலிருந்து முதுகுக்கு,
முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு
வியர்வை தன் வழியில் இறங்குகிறது.
மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று
மணிக்கூட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் இறங்கி
சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டுகிறது.
கூசுகிறது. அசையவில்லை.
கண், அக்குள், மேலுதடு
பொருத்தெல்லாம் ஒழுகும் என்னை
நல்லவேளை, யாரும் இன்னும் முறையிடவில்லை.

நாற்பத்திரண்டிலிருந்து குரல்:
"மிஸ், எங்கட பில் எவ்வளவு வந்திருக்கு?"

பொறுங்கோ, என்றேன்.
இங்க ஒராள்
இன்னும் குடிச்சு முடியேல்ல.